கிரெஷெண்டோ: கரையோரப் பாடற்குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி போன்ற ஊர்களின் ஆலயப் பாடற்குழுக்கள் பெரும்பாலும் கேட்டுக் கேட்டே பாட்டுக் கற்றவை. இப்போது நான்கு குரலுக்கு எழுதிய ஸ்டாஃப் நோட்டேஷன் பிரதிகள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. சுரத்தையும் தாளத்தையும் எப்படியோ பிடித்துவிடும் பிள்ளைகள், வரிக்கு அடியில் சாய்ந்த எழுத்தில் இருக்கும் இத்தாலியச் சொற்களைக் கண்டதும் தயங்கி நிற்கிறார்கள். அவற்றுள் கிரெஷெண்டோவைப் பற்றிய கேள்விகளே மிகுதி. பாடும்போது மிகுதியாகக் கெடுவதும் அதுவே. ஆகவே அந்த ஒரு குறிக்கு மட்டும் இங்கே விரிவாக விடை எழுதியிருக்கிறேன்.

கிரெஷெண்டோ என்பதன் பொருள் என்ன?

வளர்ந்துகொண்டே என்பது அதன் நேர்ப்பொருள். இசைப் பிரதியில் அது இடம்பெற்றால், அந்த இடத்திலிருந்து ஒலியின் அளவு படிப்படியாகப் பெருக வேண்டும். வளர்ச்சி முடிந்து நிலைகொள்ளும் ஒலிக்கு வேறு பெயர்கள் உண்டு. மிக மென்மையானது பியானிஸ்ஸிமோ, மென்மையானது பியானோ, அதற்கு ஒரு படி மேலே மெட்ஸோ பியானோ, அடுத்து மெட்ஸோ ஃபோர்ட்டே, பலமானது ஃபோர்ட்டே, மிகப் பலமானது ஃபோர்ட்டிஸ்ஸிமோ. கிரெஷெண்டோ இந்தப் படிகளில் ஒன்றன்று. ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குப் போகும் வழி மட்டுமே.

பிரதியில் அது எப்படி இருக்கும்?

ஒரு புள்ளியில் சேர்ந்து தொடங்கி, வலப்பக்கம் வாயகன்று செல்லும் இரண்டு கோடுகளாக இருக்கும். அல்லது சொல் சுருக்கமாக அச்சிடப்பட்டு, அதன் பின்னால் சிறுகோடுகள் தொடரும். ஓரிரு அடி (பிரதியில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு தாளப் பகுதி, ஆங்கிலத்தில் பார்) நீளமுள்ள வளர்ச்சிக்குக் கோடுகளையும், பல அடிகளுக்கு நீளும் வளர்ச்சிக்குச் சொல்லையும் இடுவது பொதுவான வழக்கம். சொல்லுடன் ‘போக்கோ அ போக்கோ’ என்று சேர்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக என்று பொருள். ‘மோல்ட்டோ’ என்று இருந்தால் வளர்ச்சி பெரிதாக இருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. சபைகளில் சோல்ஃபா எழுத்துகளை (டோ, ரே, மீ என்ற சுரப்பெயர்களின் முதலெழுத்துகளை) பார்த்துப் பாடுகிறவர்களுக்கும் இதே குறிகள் பொருந்தும், ஏனெனில் ஜான் கர்வென் பரப்பிய அந்த முறையும் ஒலியளவுக்கு இத்தாலியக் குறிகளையே எடுத்துக்கொண்டது.

குறி தொடங்கும் இடத்திலேயே குரலை உயர்த்த வேண்டுமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குறி தொடங்கும் இடம் அந்தப் பகுதியிலேயே மிக மென்மையான இடம். ஆனால் ஒத்திகைகளில் நடப்பது வேறு. கோடு கண்ணில் பட்டதும் முதல் அசையிலேயே எல்லாரும் குரலை எழுப்பிவிடுகிறார்கள். நான்கு அடி வளர்ச்சியில் இரண்டாவது அடியிலேயே ஃபோர்ட்டே வந்துவிடுகிறது. மீதி இரண்டு அடிகளுக்கு ஏற இடமில்லாமல் கத்தல்தான் மிஞ்சுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய நடத்துநர் ஹான்ஸ் ஃபான் பியூலோ, கிரெஷெண்டோ என்று எழுதியிருந்தால் அங்கே மென்மையாகவும், ஒலி குறைய வேண்டுமென்னும் திமினுவெண்டோ எழுதியிருந்தால் அங்கே பலமாகவும் வாசிக்க வேண்டும் என்று தம் இசைஞர்களுக்குக் கற்பித்ததாகச் சொல்வார்கள். முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும் இந்த அறிவுரை, பென்சிலால் ஒவ்வொரு பிரதியின் மேலும் எழுதிவைக்கத் தக்கது.

வளர்ச்சி சமமான அளவுகளில் ஏறினாலும் போதாது. பெரும்பகுதி கடைசியில் வர வேண்டும். இதற்கான காரணம் நம் செவியில் இருக்கிறது. செவி ஒலியை விகிதமாகவே அளக்கிறது. பாம்பன் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அக்கரையிலிருந்து ஒலியெழுப்பிக்கொண்டு வரும் என்ஜின் 2 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 1 கிலோமீட்டருக்கு நெருங்கும்போது ஒலி எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுதான் 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வரும்போதும் கூடுகிறது. திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் ஏறும். ஆகவே மண்டபம் கரையில் நிற்பவருக்கு நெடுநேரம் ஒன்றும் மாறாததுபோல் இருந்து, கடைசிச் சில நொடிகளில் ஒலி பெருகி மேலே வந்து விழுகிறது. நான்கு அடி கிரெஷெண்டோவை இவ்வாறே பங்கிடுங்கள்: முதல் இரண்டு அடிகளில் அருகில் நிற்பவருக்குக்கூட ஐயம் தோன்றும் அளவே ஏற்றம், மூன்றாவதில் தெளிவான ஏற்றம், நான்காவதில் மீதி முழுவதும்.

பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-ல் வியன்னாவில் முதன்முதலில் ஒலித்தது. அதன் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் நுழையும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். டிம்பனி என்னும் பெருமுரசு மிக மென்மையாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வயலின்கள் அதன் மேல் தேடி அலைகின்றன. அடிமேல் அடியாகக் கடந்தும் ஒலி எழவில்லை. கிரெஷெண்டோ கடைசிச் சில அடிகளுக்கு மட்டுமே. அத்தனை நேரம் அடக்கிவைத்ததனால்தான் அதன் முடிவில் திறக்கும் சி மேஜர் சுரக்கூட்டு அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

சத்தம் கூடும்போது வேகமும் கூட வேண்டுமா?

பிரதியில் தனியாக எழுதியிருந்தாலொழிய வேகம் மாறக் கூடாது. வேகம் கூட வேண்டுமென்றால் அக்செலெராண்டோ என்ற வேறு சொல் இருக்கும். நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்டு கிரீக், 1876-ல் மேடையேறிய ‘பேர் கிந்த்’ நாடகத்துக்கு எழுதிய மலையரசன் மண்டபக் காட்சியில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. அங்கே அது வேண்டுமென்றே செய்யப்பட்டது.

நம் கரையில் இவ்விரண்டும் பிரியாமல் ஏறுவதற்குப் பழக்கமும் ஒரு காரணம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்னும் வேலைப்பாட்டை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கக் குரலும் உயரும், கையும் விரையும். அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, நிலையான வேகத்தில் ஒலியை மட்டும் வளர்ப்பது தனியாகப் பழக வேண்டிய ஒன்று. கைப்பேசியில் மெட்ரோனோமை (சீராகத் தட்டி வேகம் காட்டும் செயலியை) ஓடவிட்டு, முடிவில் பாட்டும் அதுவும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்ப்பதே இதற்கு வழி. ‘மெதுவாகப் பாடுங்கள்’ என்று சொல்வதையும் தவிருங்கள். பாதிப் பேர் குரலைக் குறைப்பார்கள், மீதிப் பேர் வேகத்தைக் குறைப்பார்கள்.

கிரெஷெண்டோவின் முடிவில் சுருதி ஏறிவிடுகிறதே?

மூச்சின் அழுத்தம் கூடும்போது தொண்டையும் இறுகுவதால் அப்படி ஏறுகிறது. தாடையையும் தோளையும் தளர்த்தி, வயிற்றின் ஆதரவில் மூச்சை விட்டால் குறையும். கீபோர்டு இல்லாமல் ஒருமுறை பாடி, முடிவில் மட்டும் சுரத்தை ஒத்துப் பாருங்கள்.

எத்தனை டெசிபல் ஏற வேண்டும் என்று கணக்கு உண்டா?

இல்லை. பியானோவும் ஃபோர்ட்டேயும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்ட அளவுகளே. இடத்தையும் குழுவையும் பொறுத்து மாறும். ஆனால் கீழ் எல்லையை நிர்ணயிப்பது பாடுகிறவர் மட்டுமல்லர், சுற்றியுள்ள இரைச்சலும்தான் என்பதைக் கரையோர ஆலயங்களில் பாடுகிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திறந்த கதவுகளின் வழியே காற்று ஊதிக்கொண்டிருக்கும். அதோடு மின்விசிறிகளும் சுழலும். அப்போது தொடக்கத்தில் எழுதியிருக்கும் பியானிஸ்ஸிமோ நான்காவது பெஞ்சைக்கூடத் தாண்டாது. கேட்காத தொடக்கத்திலிருந்து எழும் வளர்ச்சி, இடையில் திடீரென்று முளைத்த ஒலியாகவே மக்கள் காதில் விழும். அத்தகைய நாளில் மெட்ஸோ பியானோவில் தொடங்குங்கள். அல்லது காற்றுக்கு எதிர்ப்பக்கக் கதவுகளை மட்டும் திறந்துவைக்கச் சொல்லி, அந்தப் பாடலின்போது விசிறிகளை நிறுத்துங்கள். ஓரியூரில் அருளானந்தர் திருவிழாவில் பாடுவதுபோல வெட்டவெளியில் பாட நேர்ந்தால் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஒலியைத் திருப்பித் தரச் சுவரே அங்கு இல்லை.

எங்கள் குழுவில் எட்டுப் பேர்தான். பெரிய கிரெஷெண்டோ எப்படி முடியும்?

ஆள் கூடுவதால் ஒலி நாம் நினைக்கும் அளவுக்குக் கூடுவதில்லை. எட்டுப் பேர் பதினாறு பேரானால் ஏறுவது 3 டெசிபல் மட்டுமே; இருமடங்கு சத்தம் என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஒலியாற்றல் வேண்டும். எனவே சிறிய குழு வருந்த வேண்டியதில்லை. மேலே ஏற இடமில்லாதவர்கள் கீழே இறங்கித் தொடங்கலாம். எட்டுப் பேர் உண்மையான பியானோவில் பாடக் கற்றுக்கொண்டால் அவர்களுடைய மெட்ஸோ ஃபோர்ட்டேயே பெரிதாக ஒலிக்கும்.

இன்னொரு வழியைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் காட்டியிருக்கிறார். 1928-ல் பாரிஸில் அரங்கேறிய அவருடைய ‘பொலேரோ’ ஏறத்தாழ கால் மணி நேரம் நீளும் ஒரே கிரெஷெண்டோ. ஸ்னேர் டிரம் ஒரே தாளக்கட்டை விடாமல் தட்ட, புல்லாங்குழலில் பியானிஸ்ஸிமோவாகத் தொடங்கும் மெட்டு கருவி மாறி மாறி வந்து, முடிவில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேரும்போது உச்சம் பெறுகிறது. இசைஞர் ஒவ்வொருவரும் படிப்படியாகப் பலம் கூட்டுவதைவிட, புதிய கருவிகள் வந்து சேர்வதே அங்கே ஒலியை வளர்க்கிறது. பாடற்குழுவும் முதல் வரியை ஒருவர் பாட, அடுத்த வரியில் இருவர் சேர, அதற்கடுத்ததில் ஆல்ட்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல்களும், பின்னர் ஆண்குரல்களும் சேர்வதாக அமைத்துக்கொள்ளலாம். தொண்டைக்கு வருத்தமில்லாத இம்முறையைச் சிறுவர் குழுக்களுக்குப் பெரிதும் பரிந்துரைக்கிறேன்.

தமிழ் வரிகளில் கிரெஷெண்டோ பாடும்போது சொற்கள் சிதைகின்றனவே, என்ன செய்வது?

இது மேற்கத்தியப் பாட நூல்களில் விடை கிடைக்காத கேள்வி. நாமே யோசித்துத் தீர்க்க வேண்டியது. ஒலி வளர உயிரெழுத்தில் நின்றாக வேண்டும். நெடிலில் நிற்பதில் சிக்கலில்லை. ‘ஓசன்னா’, ‘அல்லேலூயா’ ஆகியவற்றின் இறுதி ஆகாரம் வாய் முழுதும் திறந்து ஒலிப்பது. குறியின் உச்சி அங்கே அமைந்தால் இனிது. குறிலில் நின்று வளர்த்தால் அது நெடிலாகிவிடும். ‘பட’ என்பது ‘பாட’ என்றும், ‘விடு’ என்பது ‘வீடு’ என்றும் மக்கள் காதில் விழும். அத்தகைய இடத்தில் குறிலைத் தொட்டுவிட்டு, வளர்ச்சியை அடுத்து வரும் நெடிலுக்கோ, ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போல நீட்டி ஒலிக்கத்தக்க மெய்க்கோ தள்ளிவையுங்கள்.

குற்றியலுகரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘எனக்கு’, ‘உமக்கு’, ‘அன்பு’ என்று முடியும் வரிகளில் கடைசி உகரம் பேச்சில் பாதி மாத்திரையே பெறுவது. குறியின் முடிவு அதன் மேல் விழும்போது ‘எனக்கூ’ என்று முழக்கம் எழுகிறது. வரியின் கனம் முழுவதும் பொருளற்ற அந்த ஓரசையில் போய் அமர்கிறது. உச்சியை ‘எனக்கு’ என்பதன் ‘ன’விலேயே முடித்து, ‘க்கு’வை இலேசாக விட்டுவிட வேண்டும். இசையமைப்பாளர் வேறு மொழி வரிகளுக்கு இட்ட குறியைத் தமிழ் வரிக்கு அப்படியே பின்பற்ற வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஓரசை முன்னதாக முடிப்பதில் தவறேதும் இல்லை.

கீபோர்டிலும் ஹார்மோனியத்திலும் எப்படி வாசிப்பது?

ஹார்மோனியத்தில் துருத்தியை அழுத்தும் கையே ஒலியை வளர்க்கும். அழுத்திய சுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் பெருக்கலாம். பியானோ என்னும் கருவியில் இது இயலாது. சுத்தி கம்பியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. அடுத்தடுத்த சுரங்களைக் கூடுதல் பலத்தோடு தட்டித்தான் வளர்ச்சியைக் காட்ட முடியும். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டில் அதுவும் இல்லை, ஏனெனில் அது கம்பியைச் சுண்டி இழுப்பது. விரலின் பலம் ஒலியளவைப் பெரிதாக மாற்றாது. 1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி செய்த புதிய கருவி மென்மையாகவும் பலமாகவும் ஒலிக்கவல்லதென்றே பெயர் பெற்றது.

ஆலயங்களில் உள்ள எலக்ட்ரானிக் கீபோர்டில் முதலில் டச் ரெஸ்பான்ஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும் ஒரே ஒலிதான் வரும். இயங்கும்போது, மிடி என்னும் மின்னிசைக் கருவிகளின் பொதுக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தட்டலின் வேகமும் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் பதிவாகி அதற்கேற்ப ஒலி அமைகிறது. ஆர்கன், ஸ்டிரிங்ஸ் போன்ற நீண்டொலிக்கும் குரல்களுக்கு எக்ஸ்பிரஷன் பெடல் இருந்தால் காலால் வளர்க்கலாம். பெடல் இல்லாதவர்கள் தொடக்கத்தில் வலக்கையால் மட்டும் வாசித்து, பின் இடக்கையையும், அதன்பின் கீழ்ஸ்தாயிச் சுரங்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தானாக ஓடும் ரிதத்தை அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது.

மைக் செட் வைத்தால் வளர்ச்சி தெரிவதில்லையே?

இரண்டு காரணங்கள். மிக்ஸரில் கம்ப்ரஸர் இயங்கினால் உயரும் ஒலியை அது அமுக்கிவிடும். அது இல்லாதபோதும், சத்தம் குறைவாக இருக்கிறதென்று மைக் செட்காரர் தொடக்கத்தில் கூட்டிவைத்து, பலமாகும்போது குறைத்துவிடுகிறார். அவர் மேல் குறையில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. திருவிழா மாலைக்கு முன்பே அவரை அழைத்து, பாட்டின் மிகப் பலமான வரியைப் பாடிக் காட்டி, அதற்கு அளவை அமைத்துவிட்டுப் பாட்டு முடியும்வரை தொட வேண்டாமென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டென்று பலமாவதும் கிரெஷெண்டோவா?

அல்ல. அதற்குச் சுபிட்டோ ஃபோர்ட்டே என்று பெயர். ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் அழுத்தம் என்றால் ஸ்ஃபோர்ட்ஸாண்டோ. 1798-ல் முதன்முதலில் பாடப்பட்ட ஹைடனின் ‘படைப்பு’ ஒரட்டோரியோவில், ஒளி உண்டாயிற்று என்னுமிடம் மிக மென்மையிலிருந்து ஒரே சொல்லில் ஃபோர்ட்டிஸ்ஸிமோவுக்குத் தாவுகிறது. அங்கே இடையில் கிரெஷெண்டோ சேர்த்துப் பாடுவது அந்த இடத்தையே கெடுப்பதாகும். இதற்கு நேர்மாறாக, பேத்தோவன் அடிக்கடி கிரெஷெண்டோவை வளர்த்துக்கொண்டுபோய், உச்சி வர வேண்டிய இடத்தில் திடீரென்று பியானோ என்று எழுதுவார். அந்த இடத்தில் முன்கூட்டியே தணியாமல் கடைசிக் கணம்வரை ஏறிச் செல்லும் துணிவு வேண்டும்.

இது எப்போது வழக்கத்துக்கு வந்தது?

வெனிஸ் நகரின் ஜோவான்னி கப்ரியேலி 1597-ல் வெளியிட்ட ஒரு சொனாட்டாவில் மென்மை, பலம் என்ற குறிகள் அச்சில் காணப்படுகின்றன. இடையிலான வளர்ச்சிக்கு அங்கே குறியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மன்ஹைம் அரசவை ஆர்க்கெஸ்ட்ரா, யோஹான் ஸ்டாமிட்ஸின் தலைமையில், முழுக் குழுவும் ஒன்றுபோல் ஒலியை வளர்ப்பதில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றது. 1772-ல் அங்கே சென்ற ஆங்கிலேய எழுத்தாளர் சார்லஸ் பர்னி, அதைத் தளபதிகளே நிரம்பிய படை என்று வியந்தார். பின்னர் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ரொஸ்ஸினி இதைத் தம் முத்திரையாக்கி, கிரெஷெண்டோ ஐயா என்ற பட்டப்பெயரும் வாங்கிக்கொண்டார். 1816-ல் ரோமில் மேடையேறிய அவருடைய ‘செவில் நகர நாவிதன்’ ஓபராவில், அவதூறு மெல்லிய காற்றாகத் தொடங்கிப் பீரங்கி வெடியாக முடிவதை ஒரு பாத்திரம் பாடி விளக்க, இசையும் அவ்வாறே வளர்ந்து வெடிக்கிறது. கிரெஷெண்டோவைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பாட்டை நான் அறியேன்.

நம் இசையில் இது இல்லையா?

ஒலி உண்டு, எழுத்து இல்லை. நாகசுரக்காரர் சீவாளியில் உதட்டின் பிடியையும் மூச்சையும் மாற்றி ஒரு சுரத்தை எழுப்பித் தணிப்பதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். கீர்த்தனை நூல்களில் சுரமும் தாளமும், சிலவற்றில் கமகக் குறிகளும் இருக்கின்றன. ஒலியளவு கலைஞரின் மனத்துக்கே விடப்பட்டது.

டிக்ரெஷெண்டோ, திமினுவெண்டோ என்பவை என்ன?

இரண்டும் ஒலி படிப்படியாகக் குறைவதைக் குறிப்பவை. பயன்பாட்டில் வேறுபாடு பார்க்க வேண்டியதில்லை. இங்கும் தொடக்கத்தில் உடனே தணிந்துவிடாதீர்கள்.

ஒத்திகையில் எப்படிப் பழகுவது?

அனைவரும் ஒரே சுரத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிப் பாடுங்கள். சொல்லும் எண்ணே ஒலியின் அளவு. ஐந்தைச் சொல்லும்போது இன்னும் பாதிக்கு மேல் ஏற இடமிருப்பதாக உணர்ந்தால் சரியாகப் பாடுகிறீர்கள். பிறகு எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குங்கள். மூச்சை எல்லாரும் ஒரே இடத்தில் எடுத்தால் நடுவில் பள்ளம் விழும். அடுத்தடுத்து நிற்பவர்கள் வெவ்வேறு எண்ணில் எடுக்குமாறு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

குறியே இல்லாத பாட்டுப் புத்தகத்துக்கு நாமே குறி இடலாமா?

இடலாம். வரிகள் மட்டுமே அச்சான புத்தகங்களில் பாடற்குழுத் தலைவர்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஒரு பாடலுக்கு ஓரிடம் போதும். வருகைப் பாடலில் கடைசிச் சரணம் பல்லவிக்குத் திரும்பும் இடம் பெரும்பாலும் தாங்கும், தியானப் பாடலில் பெரும்பாலும் எங்கும் தேவைப்படாது. பென்சிலால் கோடுகளை வரையும்போது அவை தொடங்கும் புள்ளியின் கீழே பியானோ என்றும், முடியும் அசையின் கீழே எந்த அளவு வேண்டுமோ அதன் பெயரையும் எழுதிவிடுங்கள். இரு முனையிலும் அளவு எழுதப்படாத கோடுகளை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படியே பாடுவார்கள்.